ஏழாம் கேள்வி

பாலையூற்றில் பஸ் நின்றதும்
படிவக்கட்டை மார்போடு அணைத்து இறங்கினேன்.
நாற்பத்தாறு கேள்விகள். ஏழாவது: இனம்.
சிங்களம், தமிழ், முஸ்லிம், பறங்கியர்,
பிறகு பக்கத்தின் ஓரத்தில் ஒதுங்கி, மற்றவை.

மார்சலினா படிவத்தை வாங்கி
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.
மொசாம்பிக் கரையில் கப்பலேற்றப்பட்ட
சிப்பாய்களின் வழியில் வந்தவர்.
காப்பிரி என்று ஊர் சொல்லும்.
அந்தச் சொல்லைத் தானே சொன்னால் சிரிப்பார்,
மற்றவர் சொன்னால் சிரிப்பதில்லை.
"போனமுறை வந்த பிள்ளை பறங்கி எண்டு போட்டது.
அதுக்கு முந்தித் தமிழ்.
தங்கச்சியின்ர மரணச் சான்றிதழில
ஒண்டுமில்லை, ஒரு கோடுதான்.
பழைய பாட்டு இருக்கோ எண்டு
மைக்கோட எத்தினை பேர் வந்தவை.
பிரஷர் எவ்வளவு எண்டு கேட்டு வந்தது
நீர்தான் முதல்."

முன்னைய ஆய்வுகளின் பட்டியல் என் பையில் கிடந்தது,
இருபத்திரண்டு பக்கம்.
இவர்களுக்கு அதில் ஓர் அடிக்குறிப்பு.
நான் பையைத் திறக்கவில்லை.

இனேசியா. முப்பத்தொரு வயது, இரண்டாம் பிள்ளை.
வார்டில் இரவு இரண்டு மணி.
விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்றாறு என்றது.
மூச்சு ஏலாமல் கிடக்கு என்றாள் அவள்.
தொண்ணூற்றாறு என்றது கிளிப்.
"உங்கட ஆக்கள் நல்ல பலசாலிகள்தானே,
கொஞ்சம் பொறுங்கோ."
அன்பாகத்தான் சொன்னாராம் அந்தத் தாதி,
போர்வையையும் இழுத்துவிட்டாராம்.

கருந்தோலின் ஊடே போகும் சிவப்பு ஒளி
சிலவேளை பிழையாகக் கணக்குப் பார்க்கும்,
இல்லாத காற்றை இருக்கிறதென்று எழுதும்.
இதை அளந்து எழுதிவைத்தவர்கள் எங்கோ இருந்தார்கள்.
அந்தத் தாள் கடல் தாண்டி இந்த வார்டுக்கு வரவில்லை.
ஒரு டோர்ச் அடித்து உதட்டின் உட்புறத்தைப் பார்த்திருந்தால்...
"பார்த்திருந்தால் எண்டதை
எந்தப் பெட்டியில எழுதுவீர்?" என்று கேட்டார் மார்சலினா.

உவர்மலைக் கூட்ட அறையில் ஏசிக் குளிர்.
"நாற்பத்தொரு பெண்கள். மாதிரி போதாது"
என்றார் தூரத்திலிருந்து வந்த புள்ளிவிபர நிபுணர்.
கணக்கில் அவர் சரி.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.
குடும்பநல உத்தியோகத்தர் பர்சானா எழும்பினார்,
மடியிலிருந்த ஹெல்மெட் உருண்டு போனது.
"நாப்பத்தொண்டு காணாதெண்டா
இன்னும் எத்தின பேரைப் பெத்துக் காட்டவேணும் சேர்?"
யாரோ சிரித்தார்கள். தேநீர் வந்தது.

எட்டு மாதம். மூன்று வரைவு.
ஒரேயொரு கையெழுத்துக்கு ஆறு நடை.
பிழைபோன பிரதிகளைப் பஸ் நிலையத்தடியில்
மான்கள் ஆறுதலாக மென்றன.
கடைசியில் சுற்றறிக்கை, பக்கம் பதினாலு, மூன்று வரி:
கருவி காட்டும் எண்ணோடு நின்றுவிட வேண்டாம்.
உதடு, நாக்கு, இமையின் உட்புறம் பார்க்கவும்.
மூச்சு முட்டுகிறது எனத் தாய் சொன்னால் அதையும் ஓர் அளவீடாகக் கொள்க.
கடைசி வரி பர்சானாவுடையது.

மார்சலினா மூன்று தரம் வாசித்தார்.
"இனேசியாவின்ர பேர் இல்லை."
சுற்றறிக்கையில் பேர் போடமாட்டினம் என்றேன்.
கேத்தல் கொதித்து மூடி தட்டியது.
இருவருமே எழும்பவில்லை.

புதுப் படிவத்தில் ஏழாவதுக்குப் பெட்டிகள் இல்லை.
ஒரு கோடு மட்டும். அவரவர் எழுதலாம்.
பேனையைத் திறந்தார். மூடினார்.
"மகள் வரட்டும்.
ஆறுமணி பஸ்ஸில வேலையால வருவாள்.
அவளுக்குத்தானே இப்ப ஏழாம் மாதம்.
அவள் எழுதட்டும்."

இருட்டுப்பட்டது.
காத்திருக்கையில் கிளிப்பை என் விரலில் மாட்டினேன்.
தொண்ணூற்றெட்டு.
பிறகு மார்சலினாவின் விரலில்.
தொண்ணூற்றெட்டு.
அந்த எண்ணை இருவரும் கொஞ்சநேரம் பார்த்தோம்.
பிறகு அவர் கீழுதட்டை இரண்டு விரலால் மடக்கி
என் டோர்ச்சுக்குக் காட்டினார்.